கடற்கரைக் கோயிலில் ஒரு பிரசங்கம்

திருக்கடையூரில் என் தகப்பனாருக்கு அறுபதாம் கல்யாணம். இரண்டு நாள் லீவு வேண்டும் என்று ஆசிரியர் முன்னால் போய் நின்றேன். அவர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "திருக்கடையூர் வரைக்கும் போகிறீர், அங்கிருந்து ஏழெட்டுக் கிலோமீட்டரில் தரங்கம்பாடி இருக்கிறது. அதையும் ஒரு நடை பார்த்துவிட்டு வாருமேன்" என்றார். லீவு கேட்கப் போனவனுக்கு வேலை கிடைத்தது. பத்திரிகைக்காரன் ஜாதகம் அப்படி!

சனிக்கிழமை கலசாபிஷேகம், திருமாங்கல்ய தாரணம் எல்லாம் விமரிசையாக நடந்தேறின. என் தாயார் கூறைப் புடவையில் புது மணப்பெண் மாதிரி வெட்கப்பட்டாள். பெரியவர்கள் ஒவ்வொருவராக வந்து அட்சதை போட்டார்கள். ஒருவரைத் தவிர.

அந்த ஒருவர் என் அத்தை, தகப்பனாரின் தமக்கை. இருபத்து நான்கு வயதில் கணவனை இழந்தவள். அதற்குப் பிறகு ஆசிரியைப் பயிற்சி பெற்று, ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு 'அ, ஆ' சொல்லிக் கொடுத்து, அந்தச் சம்பளத்தில் தன் தம்பியைக் காலேஜ் படிக்க வைத்தவள். அந்தத் தம்பிக்கு அறுபது வயது நிறைந்த வைபவத்தை அவள் ஒரு தூணுக்குப் பின்னால் நின்று பார்த்தாள். யாரும் அவளைப் போகச் சொல்லவில்லை. யாரும் வரச் சொல்லவும் இல்லை. நான் பார்த்தேன். ஆனால் பந்திக்கு இலை போடுகிற அவசரத்தில் அதை மறந்தும் போனேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் புறப்பட்டபோது அத்தைதான், "எங்கேடா போகிறாய்? நானும் வருகிறேன்" என்று பையை எடுத்துக்கொண்டாள்.

"கிறிஸ்தவக் கோயிலைப் பற்றி எழுதப் போகிறேன் அத்தை. உங்களுக்குப் பொழுது போகாது."

"எனக்குப் பொழுது போகிறதா இல்லையா என்பதை நான் பார்த்துக்கொள்கிறேன். நீ டிக்கெட்டை எடு."

அலை பாடும் ஊர்

ஒரு காலத்தில் மாயவரத்திலிருந்து தரங்கம்பாடிக்கு ரயில் ஓடியது. 1986-ல் அது நின்றுபோயிற்று. இப்போது பஸ்தான். வயலும் வாய்க்காலும் விலகிக்கொண்டே வர, திடீரென்று காற்றில் உப்பு மணக்கிறது. பஸ்ஸைவிட்டு இறங்கிச் சிறிது தூரம் நடந்தால் வெள்ளை வெளேரென்று ஒரு கோட்டை வாசல். 1792-ல் கட்டியது. அதைத் தாண்டி உள்ளே காலெடுத்து வைத்ததும் வேறு தேசத்துக்கு வந்துவிட்டோமோ என்று தோன்றுகிறது. நேர்கோடு போட்ட மாதிரி ராஜ வீதி. இரு பக்கமும் பழைய டேனிஷ் காலத்து வீடுகள். வீதியின் கோடியில் சமுத்திரம்.

தஞ்சாவூர் ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் செய்துகொண்டு, 1620-ல் டென்மார்க் தேசத்தார் இங்கே கோட்டை கட்டினார்கள். மிளகு வாங்க வந்தவர்கள் இருநூறு வருஷத்துக்கு மேல் இருந்துவிட்டு, 1845-ல் ஊரைப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு இங்கிலீஷ்காரர்களிடம் விற்றுவிட்டுப் போனார்கள். அவர்களுக்கெல்லாம் மூத்தவர் ஒருவர் கடற்கரையிலேயே இருக்கிறார்: மாசிலாமணி நாதர். 1306-ல் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்த அவருடைய கோயிலின் முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. அத்தை அங்கே நின்று ஒரு கும்பிடு போட்டுவிட்டு, "சரி, இப்போது உன் கோயிலுக்குப் போகலாம்" என்றாள்.

ராஜ வீதியில் கிட்டத்தட்ட பக்கத்துப் பக்கத்திலேயே இரண்டு கிறிஸ்தவ ஆலயங்கள். 1701-ல் டேனிஷ்காரர்கள் தங்களுக்காகக் கட்டிக்கொண்டது சீயோன் ஆலயம். தமிழ் ஜனங்களுக்காக 1718-ல் எழுந்தது புதிய எருசலேம் ஆலயம். 'புதிய' என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. 1707-ல் கட்டிய முதல் எருசலேம் ஆலயத்தையும் கடல்தான் கொண்டது. இந்த ஊரில் சாமி எந்த மதமானாலும் சமுத்திரத்துக்கு ஒரே கணக்குத்தான்!

மணி அடித்தது. வெள்ளைச் சட்டைகளும் பூப்போட்ட புடவைகளுமாக ஜனங்கள் உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள்.

"செருப்பை எங்கேடா விடுவது?" என்று அத்தை கேட்டாள். வாசலில் வரிசையாக இருந்த செருப்புகளோடு எங்களுடையதும் சேர்ந்தது. மற்றப் பெண்களைப் பார்த்து அத்தையும் முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டாள். ஒரு பெண் பெஞ்சியில் நகர்ந்து இடம் கொடுத்தாள். என்னை ஆண்கள் பக்கம் அனுப்பினார்கள்.

ஒரு விதவையும் ஒரு நியாயாதிபதியும்

பாட்டு முடிந்தது, ஜெபம் முடிந்தது. வெள்ளை அங்கி அணிந்த ஐயர் பிரசங்க மேடையில் ஏறினார். கிறிஸ்தவக் கோயிலின் போதகரை இந்தப் பக்கத்தில் 'ஐயர்' என்றுதான் சொல்கிறார்கள். ஐம்பது வயதிருக்கும். இரைந்து பேசுகிறவர் அல்ல. கையில் துண்டுக் காகிதம் ஒன்று இருந்தது. அதை அவர் அதிகம் பார்க்கவும் இல்லை.

லூக்கா எழுதிய சுவிசேஷத்தில் வருகிற ஒரு கதையை எடுத்துக்கொண்டார். ஒரு பட்டணத்தில் ஒரு நியாயாதிபதி. தெய்வத்துக்கும் பயப்படமாட்டான், மனிதரையும் மதிக்கமாட்டான். அதே பட்டணத்தில் ஒரு விதவை. தனக்கு நியாயம் வேண்டும் என்று அவனிடம் நடையாய் நடக்கிறாள். கடைசியில், 'இவள் தொந்தரவு தாங்கவில்லை' என்று அவன் நியாயம் செய்கிறான். சலிக்காமல் ஜெபம் செய்ய வேண்டும் என்பதற்காக இயேசுநாதர் சொன்ன கதை இது.

ஐயர் முதலில் அதைத்தான் விளக்கினார். பிறகு சற்று நிறுத்திவிட்டுச் சொன்னார்:

"அநியாயம் செய்தவன் அந்த ஊரில் ஒருவன்தான். ஆனால் அந்தப் பெண் தினமும் நடந்து போன தெருவிலே எத்தனை வீடுகள் இருந்திருக்கும்? எத்தனை திண்ணைகள்? ஒரு வீட்டிலிருந்தாவது ஒருவர் எழுந்து வந்து, 'அம்மா, தனியாகப் போகாதே. நானும் உடன் வருகிறேன்' என்று சொன்னதாகக் கதையில் இல்லை. அவர்களெல்லாம் கெட்டவர்கள் அல்ல. பார்த்துக்கொண்டிருந்தவர்கள். நாமும் இந்தக் கதையைக் கேட்டுவிட்டு, 'நல்ல வேளை, நான் அந்த நியாயாதிபதி இல்லை' என்று வீட்டுக்குப் போய்விடலாம். நீங்கள் எந்தத் திண்ணையில் உட்கார்ந்திருந்தீர்கள் என்று யாராவது கேட்டால் என்ன சொல்வீர்கள்?"

எனக்குச் சுருக்கென்றது. பெண்கள் பக்கம் திரும்பிப் பார்த்தேன். அத்தை மேடையையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு ஏனோ தூண் ஞாபகம் வந்தது.

"இந்த ஊரில் ஒரு காலத்தில் ஒருவர் அப்படி எழுந்து உடன் போனார். அவர் இதோ இங்கேதான் படுத்திருக்கிறார்" என்று சொல்லி, பலிபீடத்தின் பக்கம் கையைக் காட்டினார் ஐயர்.

அங்கே இருப்பது பர்த்தலோமேயு சீகன்பால்குவின் சமாதி.

மணலில் எழுதிய மாணவர்

ஜெர்மனியில் சாக்ஸனி நாட்டுப் புல்ஸ்னிட்ஸ் என்ற சிற்றூரில் 1682 ஜூலை 10-ஆம் தேதி பிறந்தவர் சீகன்பால்கு. டென்மார்க் ராஜா நாலாம் பிரெடரிக் அனுப்ப, ஹென்ரிக் புளூச்சோ என்ற நண்பரோடு கப்பலேறி, 1706 ஜூலை 9-ஆம் தேதி தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். அதாவது, இருபத்து நான்கு வயது நிறைவதற்கு முதல் நாள். இந்தியாவுக்கு வந்த முதல் புராட்டஸ்டண்டு மிஷனரிகள் இவர்கள்தான்.

பிரசங்கம் செய்ய வந்தவருக்கு முதல் கஷ்டம், கேட்கிறவர்களின் பாஷை தெரியாதது. அவர் செய்த காரியம் வேடிக்கையானது. ஒரு வயதான தமிழ் உபாத்தியாயரைத் தம் வீட்டிலேயே பள்ளிக்கூடம் நடத்தச் சொன்னார். பிள்ளைகளோடு பிள்ளையாகத் தரையில் உட்கார்ந்து, விரலால் மணலில் 'அ' எழுதப் பழகினார்.

இதை நான் பின்னால் அத்தையிடம் சொன்னபோது அவளுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். "அப்படி வா வழிக்கு! மணலில் விரல் தேய்ந்தால்தான் எழுத்து மனசில் நிற்கும். நான் முப்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். எந்த இன்ஸ்பெக்டர் கேட்டான்?" என்றாள்.

இரண்டே வருஷத்தில் அவர் நூற்றுக்கு மேற்பட்ட தமிழ்ச் சுவடிகளைச் சேர்த்துப் படித்து, அவற்றுக்கு ஒரு ஜாபிதாவும் எழுதிவிட்டார். நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி மூன்றையும் ஜெர்மன் பாஷையில் பெயர்த்தார். புதிய ஏற்பாட்டைத் தமிழில் 1711-ல் மொழிபெயர்த்து முடித்தார். 1714, 1715-ஆம் வருஷங்களில் அது இங்கேயே அச்சாயிற்று. இந்தியப் பாஷை ஒன்றில் முதன்முதலாக அச்சேறிய புதிய ஏற்பாடு நம் தமிழில்தான்! ஜெர்மனியில் ஹாலே நகரிலிருந்து வந்த தமிழ் எழுத்துகள் பெரிதாக இருந்து காகிதத்தை விழுங்கினவாம். பாலாடைக்கட்டி வந்த பெட்டிகளின் ஈயத் தகட்டை உருக்கிச் சின்ன எழுத்துகள் வார்த்தார்கள் என்று ஒரு கதை சொல்கிறார்கள். பக்கத்துப் பொறையாறில் காகிதம் செய்கிற பட்டறையும் வைத்தார்கள். 1707-லேயே பெண் குழந்தைகளுக்கும் பள்ளிக்கூடம் திறந்தார்கள்.

அவர் குற்றமற்ற மனிதர் என்று சொல்ல முடியாது. வந்த புதிதில் ஒரு கிராமக் கோயிலில் மண் சிலைகளைத் தள்ளி உடைத்தார். அங்கிருந்த உபாத்தியாயர் ஒருவர், 'இவை தெய்வங்கள் அல்ல. தெய்வத்தின் காவலாட்கள்' என்று விளக்கினாராம். கைக்கு வேலை கொடுத்தவர் நாளடைவில் காதுக்கு வேலை கொடுக்கப் பழகிக்கொண்டார். உங்கள் தெய்வம் என்ன, கல்யாணம் எப்படி, பாவம் எது என்று தமிழ் ஜனங்களிடம் கேள்வி எழுதி அனுப்பினார். அவர்கள் எழுதிய பதில்களில் 99 கடிதங்கள் ஹாலேயில் அச்சாயின. நம் தெய்வங்களைப் பற்றி 1713-ல் ஒரு பெரிய நூலே எழுதினார். அவரை ஆதரித்த ஹாலேப் பெரியவர்கள், 'உம்மை அனுப்பியது இதற்கல்ல' என்று அதை அச்சிடாமல் வைத்துவிட்டார்கள். அது 1867-ல்தான் சென்னையில் வெளிவந்தது.

திங்கட்கிழமை தொடங்குகிற பிரசங்கம்

ஆராதனை முடிந்ததும் ஐயர் வாசலில் நின்று ஒவ்வொருவரிடமும் இரண்டு வார்த்தை பேசி அனுப்பினார். ஒருவரிடம் மகன் பரீட்சை. ஒருவரிடம் கண் ஆபரேஷன். ஒருவரிடம் படகு ரிப்பேர். எங்களைப் பார்த்ததும், "வெளியூரா? வாருங்கள்" என்று வராந்தாவில் நாற்காலி போடச் சொன்னார்.

நான் நோட்டுப் புத்தகத்தை எடுத்தேன். "இவ்வளவு எளிமையாகப் பேச எவ்வளவு நேரம் தயார் செய்வீர்கள்?"

"சனிக்கிழமை ராத்திரி உட்கார்ந்து எழுதினால் அது கட்டுரை" என்று சிரித்தார் அவர். "கோபித்துக்கொள்ளாதீர்கள், உங்கள் தொழிலைச் சொல்லவில்லை! திங்கட்கிழமை அந்த வாரத்து வேதபாகத்தைப் படித்துவிடுவேன். அதை மனசில் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போவேன். ஓர் இடத்தில் சாவு, ஓர் இடத்தில் சண்டை, ஓர் இடத்தில் பெண் பார்க்க வந்திருப்பார்கள். ஒவ்வொரு வீட்டிலும் அந்த வசனத்துக்கு ஓர் அர்த்தம் கூடும். சனிக்கிழமைக்குள் பிரசங்கம் தானாகப் பழுத்துவிடும்."

"பழுக்காவிட்டால்?"

"சீக்கிரம் முடித்துவிடுவேன். ஜனங்களுக்கு அதில் ரொம்பத் திருப்தி!"

பிறகு அவர் முகம் சற்று மாறியது. "எழுதிய பிறகு இரண்டு கேள்வி கேட்டுக்கொள்வேன். ஒன்று, நான் சொல்வது வேதத்தில் இருக்கிறதா, அல்லது நான் உள்ளே வைத்ததா? இரண்டாவது, இதை நேற்றுப் பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்கு முன்னால் போய்ச் சொல்ல எனக்கு வாய் வருமா? இரண்டில் எது தவறினாலும் அந்த வரியை அடித்துவிடுவேன். சுனாமிக்குப் பிறகு வந்த பழக்கம் இது."

2004 டிசம்பர் 26. கிறிஸ்துமஸுக்கு மறுநாள். அன்றும் ஞாயிற்றுக்கிழமைதான். அப்போது அவர் வேறு ஊரில் ஊழியம் செய்தாராம். உதவிக்கு இந்தக் கரைக்கு வந்தவர் சொன்னார்: "நான் பிரசங்கம் எழுதி எடுத்துக்கொண்டு வந்தேன், ஐயா. பையைவிட்டு வெளியே எடுக்கவில்லை. அன்று அவர்களுக்கு வேண்டியிருந்தது பக்கத்தில் உட்கார ஓர் ஆள். பத்து நாள் உட்கார்ந்தேன். பதினோராம் நாள் ஒரு பாட்டி, 'இப்போது ஏதாவது சொல்லு' என்றாள். அதுவரை பேசாமல் இருந்ததால்தான் அன்று பேச முடிந்தது."

அதுவரை சும்மா இருந்த அத்தை குறுக்கிட்டாள்: "மளிகைக் கடைக்காரன் நிறுத்துக் கொடுப்பது மாதிரி என்று சொல்லுங்கள். கூடவும் கூடாது, குறையவும் கூடாது."

ஐயர் அவளை ஆச்சரியத்துடன் பார்த்தார். "அதேதான் பெரியம்மா! இல்லாததைச் சேர்த்தால் கலப்படம். இருப்பதை, ஜனங்களுக்குக் கசக்குமே என்று விழுங்கினால் எடைக்குறைவு. எடைக்குறைவுதான் எங்களுக்குப் பெரிய சோதனை."

அந்த எடைக்குறைவுக்குச் சரித்திரத்தில் சாட்சி உண்டு. இதே தரங்கம்பாடியில் 1733 டிசம்பர் 28-ஆம் தேதி ஆரோன் என்ற தமிழர் குருப்பட்டம் பெற்றார். இந்தியாவின் முதல் புராட்டஸ்டண்டு இந்தியப் போதகர் அவர். அதே காலத்தில் ராஜநாயக்கன் என்றொரு உபதேசியார் இருந்தார். தஞ்சைச் சீமையில் அலைந்து திரிந்து சபைகளை வளர்த்தவர். ஆனால் தாழ்த்தப்பட்ட வகுப்பில் பிறந்தவர். அவர் கையால் மற்ற ஜாதியார் திருவிருந்து வாங்கமாட்டார்கள் என்று அவருக்குப் பட்டம் கொடுக்கவில்லை. எல்லாரும் ஒரே அப்பத்தில் பங்கு என்று பிரசங்கம் செய்த சபையில் நடந்தது இது. ஐயர் இதை மறைக்கவில்லை. "வருஷத்துக்கு ஒரு தடவையாவது மேடையில் சொல்லுவேன். சிலருக்குப் பிடிக்காது" என்றார்.

எடை சரியாக இருந்தால் என்ன கிடைக்கும் என்பதற்கும் சாட்சி உண்டு. 1750-ல் இதே ஊருக்கு வந்த சுவார்ட்ஸ் ஐயர் பிறகு தஞ்சாவூரில் ஊழியம் செய்தார். 1780-களின் தொடக்கத்தில் ஹைதர் அலி யுத்தத்தில் தஞ்சை பட்டினியில் தவித்தபோது, பணம் வராது என்று பயந்து குடியானவர்கள் மாடும் நெல்லும் தர மறுத்தார்கள். சுவார்ட்ஸ் ஐயர், 'நான் பொறுப்பு' என்றார். வண்டிகள் வந்தன. சொன்னபடி பணமும் கொடுக்கப்பட்டது. சர்க்காரின் முத்திரைக்கு இல்லாத மதிப்பு ஒரு பாதிரியாரின் வாய்ச்சொல்லுக்கு இருந்தது. 1798-ல் அவர் இறந்த பிறகு, அவரைத் தகப்பன் ஸ்தானத்தில் வைத்திருந்த சரபோஜி மகாராஜா இங்கிலாந்திலிருந்து ஒரு சலவைக்கல் சிற்பம் தருவித்தார். மரணப் படுக்கையில் இருக்கும் குருவின் கையை ராஜா பிடித்துக்கொண்டிருக்கும் அந்தச் சிற்பத்தைத் தஞ்சாவூரில் இன்றும் பார்க்கலாம்.

ஐயர் கடிகாரத்தைப் பார்த்தார். படுத்த படுக்கையாக இருக்கும் ஒரு பாட்டிக்குத் திருவிருந்து எடுத்துக்கொண்டு போக வேண்டுமாம். "பிரசங்கத்தை அங்கே மறுபடியும் முழுக்கச் சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னால் பாட்டி விடமாட்டாள். எனக்கு முன்னால் நாலு ஐயர்மார்களைத் திருத்தியவள்!" என்று சொல்லி, சின்னப் பெட்டியோடு சைக்கிளில் ஏறிப் போனார்.

கோட்டைக்குள் நாலு மாதம்

வெயில் ஏறிவிட்டது. டான்ஸ்போர்க் கோட்டைக்குப் போனோம். மேலே மியூசியம், கீழே குகை மாதிரி வளைவுக் கூரை போட்ட அறைகள். வெளிச்சம் குறைவு, கடல் சத்தம் மட்டும் உண்டு. அங்கே நின்றுதான் அத்தைக்கு மீதிக் கதையைச் சொன்னேன்.

1708-ஆம் வருஷம். இந்த ஊரில் ஒரு நாவிதர் இறந்துபோனார். அவருக்கும், கம்பெனியில் துபாஷாக இருந்த ஒருவருக்கும் ஒரு கடன் வழக்கு. பெரிய இடத்தை எதிர்த்து நின்றவள் அந்த நாவிதரின் விதவை. சீகன்பால்கு அவளுக்காகத் திரும்பத் திரும்பப் பேசினார். பயன் இல்லை. 'நீ டேனிஷ் கோயிலுக்குப் போய், கவர்னர் முன்னால் முழந்தாளிட்டு நியாயம் கேள்' என்று அவளுக்கு யோசனை சொன்னார். கோட்டை அதிபதி ஹாசியஸுக்குக் கோபம் பொங்கியது. 'உபதேசம் செய்ய வந்தவனுக்கு வழக்கில் என்ன வேலை?' என்று ஆளனுப்பினார். 'எழுத்து மூலம் உத்தரவு அனுப்புங்கள்' என்றார் சீகன்பால்கு. சிப்பாய்கள் வந்து பிடித்துக்கொண்டு போனார்கள். நாலு மாதத்துக்குச் சற்று அதிகமாக இந்தக் கோட்டையில் அடைபட்டுக் கிடந்தார். அனுப்பி வைத்தவர் டென்மார்க் ராஜா. அடைத்து வைத்தவர் அதே ராஜாவின் அதிகாரி! அந்தச் சிறையில் இருந்துகொண்டே, போதகர் பணி எப்படி இருக்க வேண்டும் என்பதைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அதை எழுத அதைவிடப் பொருத்தமான இடம் வேறு எது?

விடுதலையான பின் இன்னும் பத்து வருஷம் உழைத்தார். 1718-ல் புதிய ஆலயத்தைக் கட்டி முடித்தார். 1719 பிப்ரவரி 23-ஆம் தேதி காலமானார். அப்போது அவருக்கு வயது முப்பத்தாறு. என் வயதுதான். நான் இதுவரை என்ன செய்திருக்கிறேன் என்று கணக்குப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அத்தை வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அவளை முழங்கால் போடச் சொன்னது எனக்குப் பிடிக்கவில்லைடா. நியாயம் கேட்கிறவள் எதற்கு முழங்கால் போட வேண்டும்?" என்றாள். கொஞ்ச தூரம் நடந்த பிறகு, "ஆனால் அவளை மட்டும் போகச் சொல்லிவிட்டு அவன் வீட்டில் உட்கார்ந்திருக்கவில்லை. ஜெயிலுக்குப் போனான். அதனால் போகட்டும்" என்று தீர்ப்பளித்தாள்.

அலை கருங்கல்லில் மோதித் தெறித்துக்கொண்டிருந்தது. கேட்கலாமா கூடாதா என்று தயங்கிவிட்டுக் கேட்டேன்: "அத்தை, நேற்று ஏன் தூணுக்குப் பின்னால் நின்றீர்கள்?"

"அங்கே காற்று நன்றாக வந்தது."

திருக்கடையூரில் அந்த மண்டபத்தில் எந்தத் தூணுக்குப் பின்னாலும் காற்று வரவில்லை. எனக்குத் தெரியும்.

சாயங்காலம்

ஊருக்குத் திரும்ப வேன் வந்து நின்றது. பாத்திரமும் பட்சணக் கூடையும் ஏறிக்கொண்டிருந்தன. தகப்பனாரைத் தனியாகக் கூப்பிட்டு, "அப்பா, நேற்று அத்தை அட்சதை போடவில்லை" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். பிரசங்கம் பண்ண எனக்குத் தெரியாது.

அவர் கொஞ்ச நேரம் வேனின் சக்கரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அதற்குள் என் தாயார் எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள். கூறைப் புடவையை மடித்து வைத்துவிட்டாளே தவிர, அட்சதைக் கிண்ணத்தை அவள் கீழே வைக்கவில்லை. நேரே அத்தையிடம் போனாள்.

"அக்கா, நேற்றே கூப்பிட்டிருக்க வேண்டும். யாராவது ஏதாவது சொல்வார்களோ என்று சும்மா இருந்துவிட்டேன். நீங்கள் போட்டால்தான் எங்களுக்கு இந்த அறுபது நிறையும்" என்று கிண்ணத்தை அவள் கையில் வைத்தாள்.

அந்தச் சத்திரத்து வாசலிலே, டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டிருக்க, இருவரும் அத்தை காலில் விழுந்தார்கள். ஒரு சித்தி ஏதோ முணுமுணுத்தாள். இன்னொரு சித்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அத்தையின் கை லேசாக நடுங்கியது. இருந்தாலும் வாத்தியாரம்மா குரல் மாறவில்லை. அட்சதையை இரண்டு தலையிலும் போட்டுவிட்டுத் தம்பியின் தோளைத் தட்டினாள்.

"எழுந்திருடா. அறுபது வயசாகிவிட்டது, ரொம்ப நேரம் முழங்கால் போடாதே, வலிக்கும்" என்றாள்.

வேன் புறப்பட்டது. அத்தை ஜன்னலோரமாக உட்கார்ந்துகொண்டாள். அங்கே காற்று நன்றாகத்தான் வந்தது.